ஏரி வாரியமும் ஏகனாபுரமும்

காஞ்சியை உலகத்தார் அறிந்தது கோயிலாலும் பட்டாலுமாம். ஆயினும் தறியில் அமர்வோனுக்கும் கோயிலில் விளக்கிடுவோனுக்கும் சோறளித்தவை சுற்றுப்புற ஊர்களின் ஏரிகளே. பாலாறோ ஆண்டிற் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பது. ஆதலின் மழைநீரைத் தேக்கக் கற்றவரே இந்நாட்டில் உழுதுண்டு வாழ்ந்தனர். அவ்வேரிகளின்மேல் ஊரார்க்குள்ள உரிமை யாதென ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

காஞ்சிக்குத் தெற்கே உத்தரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள. அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. குடவோலை முறையைப் பள்ளியிலேயே படித்தோமென அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. நாம் காட்ட விரும்புவது வேறொன்று. முப்பது குடும்புகளினின்றும் ஓலை எடுத்துத் தெரிந்தவர்களுள், சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவரும், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவரும், ஏரி வாரியத்திற்கு அறுவரும் அமர்த்தப்பெற்றனர். ஏரிக்கென்றே ஒரு வாரியம்! வாரியத்தில் அமர்வோன், இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனாகவும், தனக்குரிய மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவனாகவும் இருத்தல் வேண்டும். ஏரி உடைந்தால் எவன் வீடு நனையுமோ அவனே அதனைக் காக்கத் தக்கவன் என்பது அவர் கருத்துப் போலும். அச்சபை அந்தணர் சபை. உழுத கைகளுக்கும் பெண்டிர்க்கும் அங்கே இடமில்லை. பழம்பெருமை பேசுங்கால் இதனை மறைத்தல் நேர்மையன்று. இற்றைக் கிராமசபையோ வாக்காளர் அனைவர்க்கும் உரியது.

அத்தகைய சபையொன்று என் செய்தது? 2022 ஆகஸ்டில், சென்னைக்குரிய இரண்டாம் விமான நிலையம் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் அமையுமென அறிவிக்கப்பெற்றது. பதின்மூன்று ஊர்களில் ஏறத்தாழ 5,700 ஏக்கர் வேண்டும். அவற்றுள் நெல்வாய் என்று நெல்லின் பெயரையே தாங்கிய ஊரும் ஒன்று. 3,700 ஏக்கருக்கு மேற்பட்டவை பட்டா நிலங்கள். ஏரிகளும் குளங்களும் எல்லைக்குள் அடங்கும். ஏகனாபுரத்தில் வயலோடு வீடுகளும் போம். அம்மாதம் 15ஆம் நாளிலேயே அவ்வூர்க் கிராமசபை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று; பின்னரும் பன்முறை நிறைவேற்றிற்று. பகலில் வேலைக்குச் சென்று மீண்டவர் இரவில் கூடிப் போராடினர்.

மீனம்பாக்கத்தின் நெருக்கடி பொய்யன்று. அரசினரும் இழப்பீடும் மாற்று மனையும் தருவதாகக் கூறினர். மாற்று மனை தரலாம். மாற்று ஏரி தருதல் எங்ஙனம்? ஆகாப் அரசன் அதனினும் நல்ல தோட்டமாவது விலையாவது தருகிறேன் என்றபோது, நாபோத் மறுத்தது விலை போதாதென்றா?

சட்டத்தின் நிலை இது: 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, அரசும் தனியாரும் கூடி நடத்தும் திட்டத்திற்கு நிலமிழப்போரில் நூற்றுக்கு எழுபதின்மர் இசைவு வேண்டும். பரந்தூரில் நிலம் எடுப்பதோ 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி. அதில் அவ்விசைவு வேண்டுவதில்லை. அச்சட்டம் செல்லுமென 2021இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆகவே ஊரார் கையில் எஞ்சியது ஆட்சேபணை மனு ஒன்றே. தனித்தனி உடைமையாளர் தத்தம் சர்வே எண்ணைக் குறித்து எழுதித் தரலாம். ஏரியோ எவர் பட்டாவிலும் இல்லை. அதற்காக எவர் மனு எழுதுவது? உத்தரமேரூரில் அதற்கென அறுவர் இருந்தனர்.

2024 ஏப்ரல் 19ஆம் நாள் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. குடத்திலிட்ட ஓலையால் ஆள் தெரிந்த அதே மாவட்டத்தில், ஏகனாபுரத்தார் பெரும்பாலோர் அன்று வாக்குச்சாவடிக்குச் செல்லவில்லை.