இலவச டிவியைப் பதிவு செய்தால் தப்பா?

கேள்வி: அமெரிக்காவில் மகன் வீட்டில் நான்கு மாதம் இருந்தேன். கேபிள் கிடையாது. கூரை மேல் ஆன்டெனா. அதில் வருவதை ஒரு சின்னப் பெட்டி பதிவு செய்துகொள்கிறது. ராத்திரி சாப்பிட்டதும் போட்டுப் பார்க்கிறார்கள். ‘காசு கொடுக்காமல் இப்படிப் பிடித்து வைப்பது தப்பில்லையா?’ என்றால், ‘சும்மா வர்றதுக்கு யாருப்பா சொந்தக்காரன்?’ என்கிறான். ஆனால் ஒரு சேனல் மட்டும் பதிவாகவே மாட்டேன் என்கிறது. யார் சொல்வது சரி?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: இதே கேள்வியில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகளே ஐந்துக்கு நான்கு என்று பிரிந்து நின்றார்கள், ஐயா. அப்பாவும் மகனும் இரண்டுபட்டதில் வியப்பில்லை.

முதலில் மகனின் வாதம். இலவசமாக வருவதாலேயே சொந்தக்காரர் இல்லை என்றாகாது. கோயில் திருவிழாவில் கச்சேரி இலவசம்தான். அதைப் பதிவு செய்து விற்க நமக்கு உரிமை வந்துவிடுவதில்லையே! அங்கே டிவிக்கு விளம்பரதாரர் பணம் தருகிறார். பதிப்புரிமை, அதாவது நகலெடுக்க அனுமதிக்கும் உரிமை, தயாரித்தவரிடமே இருக்கிறது.

ஆனாலும் பதிவு செய்வது தப்பில்லை. சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ ரெக்கார்டரைக் கொண்டுவந்தது. மறு வருடமே யுனிவர்சல், டிஸ்னி ஆகிய படநிறுவனங்கள் வழக்குப் போட்டன. முதல் நீதிமன்றத்தில் சோனி ஜெயித்தது, மேல்முறையீட்டில் தோற்றது. 1984 ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் சோனியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வீட்டில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்தார்கள். இலவசமாகப் பார்க்கச் சொல்லி ஒளிபரப்பான நிகழ்ச்சியை, தனக்குத் தோதான நேரத்தில் பார்க்கிறார். இதற்கு ‘டைம் ஷிஃப்டிங்’ என்று பெயர். பார்க்கும் நேரத்தைத் தள்ளிவைப்பது. லாப நோக்கமின்றி வீட்டுக்குள் செய்யும்வரை இது ‘ஃபேர் யூஸ்’, அதாவது அனுமதி கேட்கத் தேவையில்லாத நியாயமான பயன்பாடு என்றார்கள். குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃபிரெட் ராஜர்ஸ், தம் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிவு செய்து பார்ப்பதில் தமக்கு ஆட்சேபமே இல்லை என்று சாட்சி சொன்னதையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. எனக்கு அந்த வழக்கில் மிகவும் பிடித்த இடம் அது.

அப்படியானால் அந்த ஒரு சேனல்? அந்தத் தீர்ப்பு ‘பதிவு செய்தால் தப்பில்லை’ என்றதே தவிர, ‘பதிவாகும்படிதான் ஒளிபரப்ப வேண்டும்’ என்று நிலையங்களுக்கு ஆணையிடவில்லை. கோளாறு இந்த இடைவெளியில்தான்.

2003இல் எஃப்.சி.சி. (அங்கே அலைவரிசைகளைக் கவனிக்கும் அரசு ஆணையம்) ஒரு விதி போட்டது. ஒளிபரப்போடு வரும் ‘ப்ராட்காஸ்ட் ஃப்ளாக்’ என்ற குறியைப் பார்த்து, நகல் இணையத்தில் பரவாமல் கருவிகள் தடுக்க வேண்டும் என்றது. நூலகச் சங்கங்களும் நுகர்வோர் அமைப்புகளும் வழக்குப் போட்டன. சிக்னல் வீடு சேர்ந்தபின் கருவிக்குள் நடப்பதைக் கட்டுப்படுத்த ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2005 மே மாதம் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது.

இப்போது வந்திருக்கும் ‘நெக்ஸ்ட்ஜென் டிவி’ ஒளிபரப்பில் அப்படியொரு அரசு ஆணையே தேவைப்படவில்லை. பல நிலையங்கள் சிக்னலையே பூட்டி அனுப்புகின்றன. இதுதான் ‘என்கிரிப்ஷன்’, சாவி உள்ள கருவிக்கு மட்டும் படம் தெரியும். உங்கள் மகனின் பெட்டியிடம் பெரும்பாலும் அந்தச் சாவி இல்லை. பூட்டை உடைப்பதை 1998இல் வந்த சட்டம் தடுக்கிறது. பொதுமக்களுக்குச் சொந்தமான அலைவரிசையில் இலவசமாகக் கொடுப்பதைப் பூட்டுவது நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன்.

பெரும்பாலான ஊர்களில் அதே நிகழ்ச்சி பூட்டில்லாத பழைய முறையிலும் வருகிறது. பெட்டியில் சேனல்களை மறுபடி தேடச் சொல்லி, அந்தப் பழைய சேனலைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.