பிள்ளை வாய் திறந்து சொல்லும் வீடு

மக்கட் செல்வம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். பிள்ளைக்கு அழகிய பெயர் சூட்டுகிறோம், அகீகா கொடுக்கிறோம், ஓதப் போடுகிறோம், கடன்பட்டாவது நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம். வயிறு வாடாமல், உடுப்புக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளையின் உள்ளம் வாடியிருக்கிறதா, மலர்ந்திருக்கிறதா என்று பார்க்க நம்மில் எத்தனை பேருக்கு நேரம் இருக்கிறது? அமானத் என்பதில் பிள்ளையின் உடல் மட்டும் அடங்குமா? அதன் உள்ளமும் அடங்கியதுதானே!

இந்தப் பாடத்தில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் ஒன்றுதான். பள்ளிக்கூடத்திலோ, மத்ரஸாவிலோ, தெருவிலோ பிள்ளைக்கு ஒரு பயம், ஓர் அவமானம், ஒரு துக்கம் நேர்ந்தால், அதை வீட்டுக்கு வந்து உம்மாவிடமோ வாப்பாவிடமோ சொல்லும் தைரியம் அதற்கு இருக்கிறதா? சொல்ல முடிந்த பிள்ளைக்குப் பாதித் துன்பம் அப்போதே தீர்ந்துவிடுகிறது. சொல்ல முடியாமல் உள்ளே விழுங்கிக்கொள்ளும் பிள்ளைதான் ஆபத்தில் இருக்கிறது.

கனவு சொன்ன மகனும் கேட்ட தந்தையும்

திருக்குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயமான ஸூரா யூசுப் எப்படித் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். சிறுவர் யூசுப் (அலை) அவர்கள் ஒரு கனவு காண்கிறார்கள். பதினொரு நட்சத்திரங்களும், சூரியனும், சந்திரனும் தமக்குப் பணியக் கண்டதாக அந்தக் கனவு. அதை அவர்கள் முதலில் யாரிடம் கொண்டுபோனார்கள்? தம் தந்தையிடம்.

தந்தை யஃகூப் (அலை) அவர்கள், 'இதென்ன பெரிய பேச்சு' என்று கடிந்துகொள்ளவில்லை. 'போய் வேலையைப் பார்' என்று விரட்டவுமில்லை. அன்பு ததும்ப மகனே என்று அழைக்கிறார்கள். இதைச் சகோதரர்களிடம் சொல்ல வேண்டாம், அவர்கள் சூழ்ச்சி செய்யக்கூடும் என்று எச்சரிக்கிறார்கள். இறைவன் உம்மைத் தேர்ந்தெடுப்பான் என்று நன்மாராயமும் கூறுகிறார்கள். அன்பான அழைப்பு, காக்கும் எச்சரிக்கை, நம்பிக்கையூட்டும் சொல் ஆகிய மூன்றும் இந்தச் சிறு உரையாடலில் அமைந்திருக்கின்றன. பிள்ளை ஒரு செய்தியோடு நம்மிடம் வரும்போது நாம் கொடுக்க வேண்டியவையும் இவைதாம்.

அதே வரலாற்றில் இன்னொரு பாடமும் உண்டு. யஃகூப் நபியவர்கள் நீதி தவறாதவர்கள். ஆயினும், தந்தைக்கு நம்மைவிட யூசுபின் மீதே பிரியம் அதிகம் என்ற எண்ணம் சகோதரர்களின் உள்ளத்தில் விழுந்துவிட்டது. அதை அவர்கள் தந்தையிடம் வந்து சொல்லவில்லை, தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு எங்கே போய் முடிந்தது? பாழுங்கிணற்றில்! உள்ளத்தில் புழுங்கும் எண்ணம் உரியவரிடம் சொல்லப்படாமல் தங்கினால் என்ன விளையும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஒரு குருவிக்காக விசாரித்த நாயகம்

அனஸ் (ரலி) அவர்களுக்குத் தாய் வழியில் ஒரு தம்பி இருந்தார். பால்குடி மறந்த பருவம். அபூ உமைர் என்று பெயர். அவர் நுஃகைர் என்னும் சிறு குருவி ஒன்றை வைத்து விளையாடி வந்தார். அது இறந்துபோயிற்று. அந்த வீட்டுக்கு வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், வாடிய முகத்தோடு இருந்த சிறுவரைப் பெயர் சொல்லி அழைத்து, குருவிக்கு என்னவாயிற்று என்று விசாரித்தார்கள். இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது.

மதீனாவின் தலைவர், வஹீ இறங்கும் நபி, தூதுக் குழுக்களும் வழக்குகளும் காத்திருக்கும் வேளைகள். அதற்கிடையில் ஒரு குழந்தையின் குருவியைப் பற்றி விசாரிக்க அவர்களுக்கு நேரம் இருந்தது! ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஃபிஈ மத்ஹபு அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது படிப்பினைகளை எடுத்துத் தனி நூலாகவே எழுதினார்கள். நாம் ஒன்றையாவது எடுத்துக்கொள்வோம். பென்சில் தொலைந்தது, தோழன் பேசாமல் போனான், வகுப்பில் இடம் மாற்றிவிட்டார்கள் என்பவை நமக்கு அற்பமாகத் தோன்றலாம். பிள்ளைக்கு அவைதான் அன்றைய உலகம். சின்னத் துக்கத்தைக் கேட்காத பெற்றோரிடம் பிள்ளை பெரிய துக்கத்தைக் கொண்டு வராது.

'சீ' என்ற சொல் வராத பத்து ஆண்டுகள்

அனஸ் (ரலி) அவர்கள் சுமார் பத்து வயதில் நாயகம் (ஸல்) அவர்களின் ஊழியத்துக்கு வந்தவர்கள். பத்து ஆண்டுகள் பணி செய்தேன். ஒரு நாளும் என்னைச் 'சீ' என்று சொன்னதில்லை. ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று கேட்டதுமில்லை என்று பிற்காலத்தில் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

ஒருமுறை நாயகம் அவர்களை ஒரு காரியமாக அனுப்பினார்கள். போகும் வழியில் கடைத்தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்க, அனஸ் அங்கேயே நின்றுவிட்டார்கள். பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பற்றியது. திரும்பிப் பார்த்தால் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்! செல்லமாக அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று மட்டும் கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார்கள் அனஸ். முஸ்லிமில் வரும் செய்தி இது. கடைக்கு அனுப்பிய பிள்ளை வழியில் விளையாடிக்கொண்டிருப்பதை நாம் கண்டால், நம் முகத்தில் அந்தச் சிரிப்பு வருமா என்று நெஞ்சில் கை வைத்துக் கேட்டுக்கொள்வோம்.

வாயை அடைக்கும் வழக்கங்கள்

நம் வீடுகளில் பிள்ளையின் வாயை அடைத்துவிடும் சில வழக்கங்கள் இருக்கின்றன. அவற்றுள் முதலாவது கேலி. கறுப்பன், குண்டன், மக்கு என்று வீட்டார் விளையாட்டாகச் சொல்லும் பட்டப் பெயர் பள்ளிக்கூடம் வரை பிள்ளையைத் தொடர்ந்து செல்கிறது. ஒருவரை ஒருவர் பரிகசிப்பதையும், தீய பட்டப் பெயர் சூட்டி அழைப்பதையும் ஸூரா ஹுஜுராத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். அந்தத் தடை பெரியவர்களுக்கு மட்டும் உரியதென்று எங்கும் சொல்லப்படவில்லை.

இரண்டாவது ஒப்பிடுதல். பெரியம்மா மகன் முதல் மார்க், உன் ராத்தா உன்னைப் போலவா இருந்தாள் என்று சொல்லும்போது பிள்ளைக்குப் புத்தி வருவதில்லை, புண் வருகிறது. பஷீர் (ரலி) அவர்கள் ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்பு ஒன்றைக் கொடுத்து, அதற்கு நாயகத்தைச் சாட்சியாக்க வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதி செலுத்தும்படி கட்டளையிட்டார்கள். பொருளில் வேண்டிய நீதி புகழ்ச்சியிலும் பார்வையிலும் வேண்டாமா?

மூன்றாவது, ஒரு பொய்யைச் சொல்லி அப்போதைக்குச் சமாளிப்பது. வா, ஒன்று தருகிறேன் என்று ஒரு தாய் தம் மகனை அழைத்தபோது, என்ன கொடுக்க நினைத்தீர் என்று நாயகம் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அந்தத் தாய். ஒன்றும் கொடுக்காவிட்டால் அது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. நம் சொல்லை நம்பாத பிள்ளை தன் இரகசியத்தை எப்படி நம்மை நம்பிச் சொல்லும்?

ஏழு வயதும் பத்து வயதும்

தொழுகை விஷயத்தில் ஏழு வயதில் ஏவுங்கள், பத்து வயதில் விட்டால் அடியுங்கள் என்ற கருத்துள்ள ஹதீஸை நம்மில் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அடி என்பதையே பிடித்துக்கொண்டு, இடையில் உள்ள மூன்று ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள். மூன்று ஆண்டுகளில் ஐவேளைத் தொழுகையைக் கணக்கிட்டால் ஐயாயிரம் வேளைகளுக்கு மேல் வருகிறது. அத்தனை முறை அன்போடு அழைத்து, கைப்பிடித்து அருகில் நிறுத்தித் தொழவைத்த பெற்றோருக்கு அடிக்க வேண்டிய அவசியம் எங்கே வரப்போகிறது?

அதற்குப் பிறகும் ஃபிக்ஹு அறிஞர்கள் விதித்த நிபந்தனைகள் கடுமையானவை. காயம் ஏற்படலாகாது, முகத்தில் படலாகாது, பயன் தராது என்று தெரிந்தால் அடிக்கவே கூடாது. நாயகம் (ஸல்) அவர்கள் போர்க்களத்தில் தவிர ஒருபோதும் தம் கையால் யாரையும் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கணக்குப் பாடத்தில் மார்க் குறைந்ததற்கும், பால் கொட்டியதற்கும் பெல்ட்டை எடுப்பவர் இந்த ஹதீஸின் நிழலில் ஒதுங்க முடியாது.

மத்ரஸாவும் பள்ளிக்கூடமும்

1111-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தங்கள் இஹ்யாவில், ஓதிவிட்டு வரும் பிள்ளையைக் களைப்புத் தீர விளையாட விட வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிக்க வைத்தால் பிள்ளையின் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கிவிடும், தப்பிக்கத் தந்திரம் தேடும் என்பது அவர்களின் கருத்து. ஓயாமல் கண்டித்தால் கண்டிப்பின் மதிப்பே போய்விடும் என்றும் சொல்கிறார்கள். 1406-ல் மறைந்த வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார். கடுமையில் வளரும் மாணவன் சோம்பேறியாகிறான். அடிக்குப் பயந்து பொய் பேசப் பழகுகிறான். உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டுவது அவனுடைய குணமாகவே ஆகிவிடுகிறது என்று அதில் விளக்கினார்.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்தது. 2012-ல் வந்த திருத்தத்தின்படி மத்ரஸாக்கள் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. சட்டம் விலக்கியிருக்கலாம். ஆனால் ரஹ்மத்துன் லில்ஆலமீனான நம் நாயகத்தின் ஸுன்னத் நம் மத்ரஸாக்களை விலக்கிவிட்டதா? அல்லாஹ்வின் வேதத்தைக் கற்கும் இடத்தைப் பிள்ளை பிரம்பின் நினைவோடு வாழ்நாளெல்லாம் எண்ணிப் பார்க்கும்படி செய்துவிட்டால் அந்தப் பாவத்துக்கு யார் பொறுப்பு? ஹஜ்ரத்மார்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

பிள்ளை உடம்பால் சொல்லும்போது

சொல்ல வாய் வராத பிள்ளை வேறு விதமாகச் சொல்லும். பள்ளிக்கூடம் போகும் வேளையில் மட்டும் தினமும் வயிற்றுவலி, நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் வருதல், சாப்பாட்டை ஒதுக்குதல், தூக்கத்தில் அலறுதல், துறுதுறுவென்றிருந்தது திடீரென ஊமையாதல், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் ஒளிதல். இவற்றைப் பிடிவாதம் என்றோ, சோம்பல் என்றோ தள்ளிவிடக் கூடாது. வகுப்பில் யாராவது மிரட்டுகிறார்களா, ஆசிரியர் அவமானப்படுத்தினாரா, தொடக்கூடாத விதத்தில் யாராவது தொட்டார்களா என்று தனிமையில், பதறாமல் விசாரிக்க வேண்டும்.

பிள்ளை அப்படி ஒன்றைச் சொன்னால், 'குடும்ப மானம் போய்விடும், வெளியே சொல்லாதே' என்று அதன் வாயை மூடுவது பெரும் கொடுமை. அநீதி செய்தவனுக்கு நாமே காவல் நிற்பதாக அது ஆகிவிடும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. அந்தச் சட்டத்தில் வீடு, பள்ளிக்கூடம், மத்ரஸா என்ற பேதம் இல்லை. குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 என்ற எண் இருக்கிறது.

பிள்ளையின் கவலை பல நாள் நீடித்தால் ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் மருத்துவரிடமும் காட்ட வேண்டும். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நாயகமே ஏவியிருக்கிறார்கள். மனவாட்டத்தை ஈமான் குறைவென்று எண்ணி மறைப்பதும் தவறு. மகனைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் நபியவர்களின் கண்கள் வெளுத்துப் போனதாகக் குர்ஆன் சொல்கிறது. அவர்களுக்கா ஈமான் குறைவு? மனநல ஆலோசனைக்கென 2022-ல் அரசு தொடங்கிய 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். தேர்வு முடிவு வரும் நாள்களில் இந்த எண் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருப்பது நல்லது. மதிப்பெண் குறைந்தாலும் நீ என் பிள்ளைதான் என்பதை, முடிவு வருவதற்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் பேண வேண்டியவை

1. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் கேள்வி மார்க்கைப் பற்றியதாக இருக்க வேண்டாம். ஸலாம் சொல்லி, சாப்பிட வைத்து, இன்று என்ன நடந்தது என்று கேளுங்கள்.

2. நாளில் ஒரு வேளையாவது வீட்டார் ஒரே ஸஹனில் சேர்ந்து உண்ணுங்கள். அப்போது கைப்பேசி தூர இருக்கட்டும். அந்த நேரத்தில் திட்டுவதும் விசாரணையும் வேண்டாம்.

3. பிள்ளை தவற்றைத் தானே ஒப்புக்கொண்டால் முதலில் உண்மை சொன்னதைப் பாராட்டுங்கள். திருத்துவது பிறகு ஆகட்டும்.

4. ஆண் பிள்ளை அழக்கூடாது என்று சொல்லாதீர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீமின் மறைவின்போது கண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

5. சபுரில் இருக்கும் வாப்பாமார்கள், வீட்டுக்குப் பேசும் நேரத்தில் பிள்ளைக்கென்று தனியே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். படிக்கிறாயா, தொழுதாயா என்பதோடு முடித்துவிடாமல், உன் கூட்டாளி யார், உனக்கு எது பிடித்தது என்றும் கேளுங்கள். 'வாப்பா வரட்டும், சொல்கிறேன்' என்று உம்மாமார்கள் பயங்காட்டுவதையும் விட்டுவிட வேண்டும். ஆண்டுக்கொரு முறை வருகிறவரைப் பிள்ளை ஆசையோடு எதிர்பார்க்க வேண்டாமா?

6. இரவில் படுக்கும்போது தலையைத் தடவி, பிள்ளையின் காது கேட்க, பெயர் சொல்லி துஆச் செய்யுங்கள்.

தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று அக்ரஃ இப்னு ஹாபிஸ் (ரலி) சொன்னபோது, இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்படமாட்டார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பதில் கூறினார்கள். இன்று நாம் பிள்ளைக்குக் காட்டும் இரக்கம் நாளை மறுமையில் நமக்கே திரும்பி வரக்கூடியது.

நம் மக்களைக் கண் குளிர்ச்சியாகவும், நம் வீடுகளை அவர்கள் அச்சமின்றி வாய் திறந்து பேசும் இடங்களாகவும் வல்ல நாயன் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.