நரம்புக்கான ரத்த ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

பாதம் மரத்துப்போகிறது, எரிகிறது என்று போனால் நரம்பு மருத்துவர் நீளமாக ஒரு பட்டியல் எழுதித் தருவார். லேபிலிருந்து வரும் தாளில் ‘பாசிட்டிவ்’ என்று தடித்த எழுத்தில் இருந்தாலே பாதி உயிர் போய்விடும். பொறுங்கள். இங்கே சொல்வது மெல்ல வளரும் மரமரப்புக்கான வழிமுறை. சில நாட்களுக்குள் இரண்டு காலும் தளர்ந்து, பலவீனம் மேலேறினால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரையும் பி12-ம். உடம்பே தன் நரம்பைத் தாக்கும் நோய்களைவிட இந்த இரண்டால் வரும் பாதிப்புதான் அதிகம். மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். பி12 ஊசி போட்டுக்கொண்ட பிறகு ரத்தம் கொடுத்தால் அளவு பிரமாதமாக இருக்கும். அதை நம்ப முடியாது.

அடுத்தது ஏ.என்.ஏ., அதாவது நம் செல்களின் கருவையே குறிவைக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை. வீண் பீதி பெரும்பாலும் இதில்தான் பிறக்கிறது. பாசிட்டிவா என்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1:80 என்றால், சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) 80 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் எதிர்ப்பொருள் தென்பட்டது என்று அர்த்தம். எந்த நோயும் இல்லாதவர்களிலேயே நாலில் ஒருவருக்கு மேல் 1:40-ல் பாசிட்டிவ் வரும். 1:160-ல்கூட நூற்றுக்கு ஐந்து பேர் தேறுவார்கள். 1:640 என்றால் மேற்கொண்டு தேடத்தான் வேண்டும்.

அப்படித் தேடும்போது எஸ்.எஸ்.ஏ. என்ற எதிர்ப்பொருளுக்கான வரி முக்கியம். சில லேப்கள் ரோ என்று அச்சிடும். கண்ணில் மணல் உறுத்தல், தண்ணீர் இல்லாமல் சோறு இறங்காத வாய் வறட்சி, கூடவே இதுவும் பாசிட்டிவ் என்றால் ஷோக்ரன் நோயைச் சந்தேகிப்பார்கள். நெகட்டிவ் வந்தாலும் அந்தச் சந்தேகம் போய்விடாது. உதட்டின் உட்புறத்தில் சிறு திசு எடுத்துப் பார்ப்பதுண்டு.

இன்று ஒரு பாதம் தொங்குகிறது, சில நாளில் மறுபக்கக் கையின் மணிக்கட்டு விழுகிறது, காய்ச்சலும் எடைக் குறைவும் உண்டு என்றால் ஆன்கா என்ற எதிர்ப்பொருள் சோதனையின் முடிவை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம்.

ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரெசிஸை மறந்துவிடாதீர்கள். பட்டியலில் கவனிப்பாரற்றுக் கிடப்பது இதுதான். ஒரே வகை எதிர்ப்பொருள் புரதம் மிகுந்திருப்பதைக் காட்டும் ‘எம் பேண்ட்’ தெரிந்தால், அதன் வகையை உறுதிசெய்யும் இம்யூனோஃபிக்சேஷன் செய்தீர்களா என்று கேளுங்கள்.

குளிரில் படிந்துவிடும் புரதமான கிரையோகுளோபுலினுக்குச் சோதனை எழுதியிருந்தால் மாதிரியை 37 டிகிரி சூட்டிலேயே வைத்திருப்பார்களா என்று லேபில் விசாரியுங்கள். குளிர்ந்துவிட்டால் பொய்யாக நெகட்டிவ் வரும். ஐ.வி.ஐ.ஜி. என்ற மருந்தைச் சிரை வழியாக ஏற்றுவதாக முடிவானால், எதிர்ப்பொருள் சோதனைகளுக்கான ரத்தத்தை அதற்கு முன்பே எடுக்கச் சொல்லுங்கள். அந்த மருந்தில் இருப்பதே பிறருடைய எதிர்ப்பொருள்கள்தான்.