மலையேறத் திணறும் பிக்கப்

கேள்வி: என்னிடம் பி.எஸ்.6 இசுஸு வி-கிராஸ் 1.9 லிட்டர் டீசல் பிக்கப் இருக்கிறது. தினசரி ஓட்டம். லோடோடு வால்பாறை ஏறும்போது இழுவை போதவில்லை. டியூனிங் பாக்ஸ், ரீமேப், பெரிய டர்போ, எது நல்லது?

பதில்: உங்கள் இன்ஜின் 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் டார்க் தரக்கூடியது. வால்பாறை ஏறும் ஆழியாறு மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் அது தாராளம். ஆகவே, இருக்கிற சக்தி எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸை, கிளிப் இருக்கும் இடத்தில் சற்று வளைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும். மிதித்தால் 'உஸ்' சத்தம் வரும், வண்டி ஏறாது. அழகுக்காகப் பெரிய டயர் மாட்டியிருந்தால் கியர் விகிதமே மாறியதுபோல் இழுவை குறைந்துவிடும். பழைய அளவுக்கே திரும்புங்கள்.

அதன் பிறகும் குறை தெரிந்தால் மிதமான ரீமேப் செய்யலாம். அது எரிபொருளையும் டர்போ அழுத்தத்தையும் சேர்த்தே திருத்தும். மலிவான டியூனிங் பாக்ஸ் பலவும் சென்சார் பெயரில் இன்ஜின் கணினிக்குப் பொய்க்கணக்கு காட்டி டீசலைக் கூட்டுபவை. எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. பெரிய டர்போ குறைந்த வேகத்தில் தாமதமாகத்தான் விழிக்கும், மலைக்கு ஆகாது. புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப் ஃபில்டரைக் கழற்றச் சொல்லும் கடையிலிருந்து உடனே வெளியே வந்துவிடுங்கள். ரீமேப்பால் வாரன்டி போகலாம். இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமும் முன்பே கேட்டுவிடுங்கள்.