பாதி மாத்திரை வேண்டாம், அக்கா!



கூடலூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா பர்ஸில் இருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். "பிள்ளைக்கு வயித்தால போனா இதுல பாதிய உடைச்சுக் குடுத்துருவேன். விடியக்காலம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறணும், பிள்ளை அப்பத்தாகிட்ட இருக்கும். வேற என்ன செய்ய?" என்றார். பார்த்தால், பெரியவர்களுக்கு எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கில் மிச்சம். சுற்றி இருந்தவர்களும் "நாங்களும் அப்பிடித்தான்" என்றார்கள். இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

பல் முளைப்பதால் பேதி வருவதில்லை. பெரும்பாலும் கிருமிதான் காரணம். ரோட்டா போன்ற வைரஸால் வந்த பேதியை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. பாக்டீரியா கிருமிகளிலும் இரண்டு விதம் உண்டு.

ஈ-கோலையில் ஒரு வகையும் காலராக் கிருமியும் விஷத்தை விட்டு, குடலையே தண்ணீர் கொட்ட வைக்கும். காலராவில் மலம் அரிசி கழுவின தண்ணி மாதிரியே போகும். (காலரா நமக்குப் புதுசு இல்லை. ஓ139 என்ற புதுவகைக் கிருமி 1992-ல் முதலில் தெரிய வந்ததே சென்னையில்தான்.)

ஷிகெல்லா வேறு மாதிரி. குடல் சுவருக்குள் புகுந்து புண்ணாக்கிவிடும். காய்ச்சல், வயிற்று முறுக்கல், சளியும் ரத்தமும் கலந்த மலம். நாம் சீதபேதி, ரத்தபேதி என்கிறோமே, அதற்கு முக்கியக் காரணம் இதுதான். நூறு கிருமிக்குள் உள்ளே போனாலே போதும். பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட கையில் சோப்புப் போடாமல் சோறு பிசைந்தால் அவ்வளவுதான்.

ரத்தபேதிக்கும் கடுமையான காலராவுக்கும்தான் ஆன்டிபயாட்டிக் வேண்டும். அதையும் டாக்டர்தான் எடை பார்த்துக் கொடுக்கணும். அரைகுறையாகக் கொடுத்துக் கொடுத்தே ஷிகெல்லா பல மருந்துகளுக்கு அடங்காமல் போய்விட்டது.

தண்ணியாகப் போகும் பேதியில் உயிரை எடுப்பது உடம்பின் நீரும் உப்பும் வற்றுவதுதான். 1971-ல் மேற்கு வங்கத்தில் பங்கான் ஊரில், வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியது. சலைன் பாட்டில் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கவே கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்தது, நாலு பேர் அளவுக்குக் குறைந்தது. இன்றைய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் அதே வழிதான்.

முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஒரே தடவையாகக் கரையுங்கள். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு தடவை போனதும் கால் டம்ளர் முதல் அரை டம்ளர், ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. மறுநாள் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரை 14 நாள். பேதி நின்றாலும் நிறுத்தக் கூடாது. இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், ஆறு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகாதது, குடிக்க முடியாமல் துவண்டு கிடப்பது: இதில் ஒன்று இருந்தாலும் ஜீப்பை விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்பத்தா, அம்மாச்சிக்கும் இதைச் சொல்லுங்கள். பகலெல்லாம் பிள்ளை அவர்களிடம்தானே இருக்கிறது? அந்த அக்கா கேட்ட அடுத்த கேள்வி: "எங்க வீட்டுச் செம்பு எத்தனை லிட்டர் பிடிக்கும்?" அடுத்த கூட்டத்துக்கு அவரவர் செம்பை எடுத்து வாருங்கள். ஒரு லிட்டர் அளந்து கோடு போட்டுத் தருகிறேன்.