மணிக்கூலிப் பணியாளரின் சாப்பாட்டு இடைவேளை: கலிபோர்னியாவில் பதிவு செய்யும் முறை

அமெரிக்காவில் சாப்பாட்டு இடைவேளை கொடுத்தே ஆகவேண்டும் என்று மத்தியச் சட்டம் எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்துவதில்லை. 5 முதல் 20 நிமிடம் வரையான சிறு ஓய்வுக்குச் சம்பளம் உண்டு. வேலையை முற்றிலும் விட்டுவிட்டு 30 நிமிடமோ அதற்கு மேலோ சாப்பிடப் போனால் அந்த நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. அந்தச் சட்டம் சொல்வது இவ்வளவுதான். மற்றதை மாநிலங்கள் முடிவு செய்கின்றன. மிகக் கண்டிப்பான மாநிலங்களில் ஒன்று கலிபோர்னியா. அங்கே மணிக்கூலிக்கு ஆள் வைத்து உணவகமோ கடையோ கிடங்கோ நடத்துபவர் இடைவேளை கொடுத்தால் மட்டும் போதாது. பதிவு சரியில்லாவிட்டால், கொடுத்த இடைவேளையும் கொடுக்காத கணக்கில் சேர்ந்துவிடும்.

முதலில் நேரக் கணக்கு. மாநிலத் தொழிலாளர் சட்டத்தொகுப்பின் 512-ஆம் பிரிவின்படி, ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு இடையூறில்லாத 30 நிமிட இடைவேளை தரவேண்டும். அது ஐந்தாவது மணி நேரம் முடிவதற்குள் தொடங்க வேண்டும். காலை 8 மணிக்கு வேலை தொடங்கியவர் பகல் 1 மணிக்குள் சாப்பிடப் போயிருக்க வேண்டும், 12.59-க்குள் நேரப் பதிவுக் கருவியில் பஞ்ச் ஆகியிருப்பது பாதுகாப்பு. அட்டவணையில் 8 மணி என்றிருந்தாலும், அவர் 7.50-க்கே வேலையில் இறங்கிவிட்டால் கெடுவும் 12.50-க்கு வந்துவிடும். அட்டவணையை மட்டும் பார்த்து நேரம் குறிக்கும் மேலாளர்கள் சறுக்குவது இங்கேதான். 10 மணி நேரத்துக்கு மேல் வேலை நீண்டால், பத்தாவது மணி நேரம் முடிவதற்குள் இரண்டாவது இடைவேளை. சம்பளமில்லாத சாப்பாட்டு நேரம் வேலை நேரத்தில் சேராது என்பதால், 8 மணிக்கு வந்து அரை மணி நேரம் சாப்பிட்டவருக்குப் பத்தாவது மணி மாலை 6.30-க்கு முடியும்.

மொத்த வேலையே 6 மணி நேரத்தைத் தாண்டாத நாளில், இரு தரப்பும் சம்மதித்தால் முதல் இடைவேளையை விட்டுக்கொடுக்கலாம். மொத்தம் 12 மணி நேரத்துக்குள் இருந்து, முதல் இடைவேளையை உண்மையாகவே எடுத்திருந்தால் இரண்டாவதை விட்டுக்கொடுக்கலாம். இந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, பணியாளர் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம் என்ற வரியையும் சேர்த்துக் கோப்பில் வைப்பது நல்லது. மருத்துவமனை, கட்டுமானம் போன்ற சில துறைகளுக்குத் தனி விதிகள் உண்டு. அங்கே வேலை வாங்குபவர் தம் துறைக்கென மாநிலம் வெளியிட்ட ஊதிய ஆணையைத் தனியே பார்க்க வேண்டும்.

அடுத்தது, இடைவேளையை உண்மையான இடைவேளையாக ஆக்குவது. 2012-இல் பிரிங்கர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் இதன் அளவைத் தெளிவாக்கியது. முதலாளி பணியாளரை எல்லா வேலையிலிருந்தும் விடுவிக்க வேண்டும்; அவர் நேரத்தின்மீது அதிகாரம் செலுத்தக் கூடாது; இடைவேளை எடுப்பதைத் தடுக்கவோ, எடுக்காமலிருக்கத் தூண்டவோ கூடாது. அதற்குப் பிறகும் அவர் வேலை செய்கிறாரா என்று காவல் காக்கும் பொறுப்பு முதலாளிக்கு இல்லை. ஆனால் அவர் வேலை செய்தது தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலை இருந்தால், அந்த நேரத்துக்குச் சம்பளம் தந்தாக வேண்டும். கல்லாவில் நிற்பவர் கடைச் சாவியையும் வாக்கி-டாக்கியையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் எழுந்துவரத் தயாராகச் சாப்பிட்டால் அது விடுவிப்பு ஆகாது. சாவி வேறொருவர் கைக்கு மாறி, அவர் விரும்பினால் வெளியே போய்வரவும் முடிய வேண்டும்.

ஆகவே, ஷிஃப்ட் அட்டவணை போடும்போதே ஒவ்வொருவரின் சாப்பாட்டு நேரத்துக்கும் நேரே, அப்போது அந்த இடத்தில் யார் நிற்பார் என்ற பெயரையும் எழுதிவிட வேண்டும். மாற்று ஆள் இல்லாத அட்டவணை, இடைவேளை இல்லாத அட்டவணைதான். இரவில் தனியாகக் காவல் இருப்பவர் போல, வேலையின் தன்மையே விடுவிப்பதைத் தடுத்தால் மட்டும், எழுத்துமூல ஒப்பந்தத்தோடு, சம்பளமுள்ள பணிநேரச் சாப்பாட்டுக்கு இடமுண்டு. ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க இதைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தினால் நிற்காது.

மூன்றாவது, பஞ்ச். ஊதிய ஆணைகளின்படி, வேலை தொடங்கிய, முடிந்த நேரங்களோடு சாப்பாட்டு இடைவேளையும் பதிவாக வேண்டும். 10 நிமிட ஓய்வு இடைவேளைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தொடக்கத்துக்கு ஒரு பஞ்ச், முடிவுக்கு ஒரு பஞ்ச்; இரண்டையும் பணியாளரே செய்ய வேண்டும்; நேரம் நிமிடம் பிசகாமல் அப்படியே இருக்க வேண்டும். 2021-இல் டோனஹியூ வழக்கில் நீதிமன்றம் விளக்கிய ஓர் உதாரணம் இதை நன்றாகக் காட்டுகிறது. 11.02-க்குச் சாப்பிடப் போய் 11.25-க்குத் திரும்பியவரின் நேரத்தை, பத்து நிமிடத்துக்கு முழுமையாக்கும் மென்பொருள் 11.00 என்றும் 11.30 என்றும் மாற்றிவிடும். 23 நிமிடம், ஏட்டில் முழு 30 நிமிடமாகிறது. சாப்பாட்டு நேரத்தில் இப்படி முழுமையாக்குவது கூடாது என்று தீர்ப்பு வந்தது. தவறிய, சுருங்கிய, தாமதமான இடைவேளையைப் பதிவு காட்டினால், விதி மீறப்பட்டதாகவே முதலில் அனுமானிக்கப்படும் என்றும், அதை மறுத்து நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

அதனால் மென்பொருளில் முழுமையாக்கலையும், தினமும் அரை மணி நேரத்தைத் தானாகக் கழிக்கும் அமைப்பையும் நிறுத்திவிட வேண்டும். நாலரை மணி நேரம் ஆனதும் பணியாளருக்கும் மேலாளருக்கும் நினைவூட்டல் போகும்படி வைக்கலாம். 30 நிமிடம் ஆகும் முன் திரும்பப் பஞ்ச் செய்ய விடாத பூட்டும் சில மென்பொருள்களில் உண்டு. பூட்டியிருக்கும்போதே ஒருவர் அடுப்பருகே போய் நின்றுவிட்டால், அது பதிவாகாத வேலையாகிவிடும். பூட்டை நம்புவதைவிட மேலாளரின் கண்ணை நம்புவது மேல்.

பதிவு பிசகிய நாளில், காரணத்தை அன்றே எழுதி வாங்க வேண்டும். வேலை முடிந்து பஞ்ச் செய்யும்போது திரையில் மூன்று தேர்வுகள் போதும்: இடைவேளைக்கு வாய்ப்புத் தரப்படவில்லை; தந்தார்கள், நானாக எடுக்கவில்லை; தந்தார்கள், நானாகத் தாமதித்தேன் அல்லது சீக்கிரம் திரும்பினேன். முதல் தேர்வு விழுந்தால் இடைவேளை தவறியதற்கான கூடுதல் ஊதியம் தானாகவே சம்பளத்தில் ஏற வேண்டும். பணியாளர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் மேலாளர் அதை மாற்றச் சொல்லக் கூடாது. ஒருமுறை அப்படி வற்புறுத்திவிட்டால் பிறகு அந்தப் பதிவை யாரும் நம்பமாட்டார்கள். பஞ்ச் மறந்துபோனதற்கான திருத்தமென்றால் பழைய நேரம், புதிய நேரம், காரணம், பணியாளரின் ஒப்புதல் நான்கும் ஏட்டில் இருக்கட்டும்.

கூடுதல் ஊதியம், 226.7-ஆம் பிரிவின்படி, அந்த நாளுக்கு ஒரு மணி நேரச் சம்பளம். சாப்பாட்டு இடைவேளை இரண்டும் தவறினாலும் ஒன்றுதான். ஓய்வு இடைவேளை தவறியிருந்தால் அதற்குத் தனியாக ஒன்று. 2021-இல் வந்த ஃபெர்ரா தீர்ப்புக்குப் பின், இதை வெறும் மணிக்கூலியில் கணக்கிடுவது தவறு. உறுதியளித்த ஊக்கத்தொகையையும் சேர்க்க வேண்டும். மணிக்கு 20 டாலர் வாங்கி, 40 மணி நேரம் வேலை செய்து, அந்த வாரத்து உற்பத்திக்கென 100 டாலர் ஊக்கத்தொகையும் பெற்றவருக்கு 900-ஐ 40-ஆல் வகுத்து 22.50 டாலர் தரவேண்டும். இந்த ஒரு மணி நேரம் ஓவர்டைம் கணக்கில் சேராது. 2022-இல் நராஞ்ஹோ தீர்ப்பு இதையும் சம்பளம் என்றே சொன்னது. ஆகவே பே ஸ்லிப்பில் தனி வரியாகக் காட்ட வேண்டும். வேலையை விட்டுப் போகிறவருக்கு இறுதிச் சம்பளத்தோடு தீர்த்துவிட வேண்டும். வேண்டுமென்றே வைத்திருந்தால் 30 நாள் சம்பளம் வரை அபராதமாக ஏறும்.

கடைசியாக, தணிக்கையும் பாதுகாப்பும். ஒவ்வொரு சம்பளக் காலமும் முடிவதற்குள், ஐந்தாவது மணிக்குப் பின் தொடங்கியவை, 30 நிமிடத்துக்குக் குறைந்தவை, பஞ்சே இல்லாதவை ஆகியவற்றைப் பிரித்தெடுத்துப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் தினமும் மிகச் சரியாக 12.00, 12.30 என்றிருந்தால் அதையும் சந்தேகப்பட வேண்டும். மனிதர்கள் அப்படிச் சாப்பிடுவதில்லை. ஒரே மேலாளரின் ஷிஃப்டில் தவறுகள் குவிந்தால் அங்கே ஆள் போதவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ஊழியர் மாநிலத்தின் சார்பில் அபராதம் கோர வழிசெய்யும் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டபின், எழுத்துமூல விதி, மேலாளர்களுக்குப் பயிற்சி, சம்பளத் தணிக்கை, கண்டதைத் திருத்துதல் ஆகியவற்றை நோட்டீஸ் வருமுன்பே செய்துவந்த முதலாளிக்கு அபராதம் 15 சதவீதத்துக்குள் நிற்க வழியுண்டு. நேரப் பதிவுகளைச் சட்டம் 3 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. வழக்குகள் 4 ஆண்டு வரை பின்னோக்கிப் போவதால் 4 ஆண்டு வைப்பதே புத்திசாலித்தனம். பணியாளர் தம் சம்பளப் பதிவைக் கேட்டால் 21 நாளுக்குள் காட்டவோ நகல் தரவோ வேண்டும்.