நாடாவின் மறுபக்கம்

அன்பு மருமகளுக்கு,

யூட்டாவின் ஸயான் பூங்காவில் கேன்யனியரிங், அதாவது இடுக்குப் பள்ளத்தாக்குகளில் கயிறு கட்டி இறங்க, போகப்போவதாக எழுதியிருந்தாய். அங்கே மணற்பாறையை வெள்ளம் அறுத்து அறுத்து உண்டாக்கிய இடுக்குகள் உண்டு. சில இடங்களில் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். முதல் இறக்கம் முடிந்து கயிற்றை உருவிவிட்டால் வந்த வழியே ஏற முடியாது. அதன்பின் எல்லார் பாரமும் அடுத்தடுத்த பிடிமானங்களில்தான். ஆங்கர் என்பது அந்தப் பிடிமானத்தைத்தான்.

பெரும்பாலும் அது பாறையையோ மரத்தையோ சுற்றிக் கட்டிய நைலான் நாடா. கயிறு ஓட அதில் ஓர் உலோக வளையம். ஓர் அங்குல நாடா புதிதில் ஏறக்குறைய 1,800 கிலோ தாங்கும். அப்புறம் வெயில் அரிக்கிறது, மணல் தேய்க்கிறது, எலி கடிக்கிறது. முன்னால் பளிச்சென்றிருக்கும் நாடா பாறைக்குப் பின்னால் நைந்திருக்கலாம். அதனால் கண்ணை நம்பாமல் சுற்று முழுக்க விரலால் தடவிப் பார்ப்பார்கள். முடிச்சுக்கு வெளியே மூன்று அங்குலமாவது வால் நிற்கிறதா என்றும் பார்ப்பார்கள். வளையமில்லாமல் நாடாவிலேயே கயிற்றை ஓட்டியிருந்தால் அதை அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே நல்லது: உருவும்போது நைலானை நைலான் உரசும் சூட்டில் நாடா உருகும்.

இரண்டு புள்ளிகளில் கட்டினால் இரட்டைப் பலம் என்று நினைத்துவிடாதே. நாடாவின் இரு கால்களுக்கும் இடையே 120 பாகை விரிந்தால் ஒவ்வொரு புள்ளியும் முழுப் பாரத்தையும் சுமக்கும்.

விபத்து ஆங்கரில் மட்டும் வருவதில்லை. பேர்போன பாறையேறி டாட் ஸ்கின்னர் 2006 அக்டோபரில் யோசெமிட்டியில் கயிற்றில் இறங்கும்போது இறந்தார். கயிறு அறவில்லை, இடுப்புவாரின் தேய்ந்த வளையம் அறுந்தது. 2019 நவம்பரில் மெக்சிகோவில் பிராட் கோப்ரைட்டும் தோழரும் ஒரே கயிற்றின் இரு பக்கமும் ஒருசேர இறங்கினார்கள். நீளம் சமமாக இல்லை, நுனியில் முடிச்சும் இல்லை. கயிறு இறங்கும் கருவியை விட்டு உருவிக்கொண்டது. கோப்ரைட் பிழைக்கவில்லை.

அப்படியானால் எப்போதும் முடிச்சுப் போடலாமே என்பாய். அருவியில் அதுவே எமன்: கருவி முடிச்சில் சிக்கினால் ஆள் நீருக்கடியில் மாட்டிக்கொள்வார். ஆகவே அங்கே நுனி தண்ணீரைத் தொடும் அளவுக்கு மட்டும் கயிற்றை விடுவார்கள்.

சந்தேகமான ஆங்கரைச் சோதிக்க ஒரு பழைய முறை இருக்கிறது. பின்னால் ஒருவர் பாறையில் காலை ஊன்றி உட்கார்ந்து, தம் இடுப்புவாரிலிருந்து கயிற்றுக்குத் தளர்வாக ஒரு கட்டுப் போட்டுக்கொள்வார். பாரம் ஆங்கரில், அது அசைந்தால்தான் அவர் மேல் விழும். கனமானவர்கள் முதலில் இறங்குவார்கள். ஆங்கர் அசையவே இல்லையென்றால், குழுவிலேயே எடை குறைந்தவரான அவர் அந்தக் கட்டை அவிழ்த்துக்கொண்டு கடைசியாக இறங்குவார். உன் உடம்புக்கு அது அநேகமாக நீயாகத்தான் இருப்பாய்.

அன்புடன்,
மாமா